ஈரக்குலைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர்

மாமா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மருந்துப் பெட்டியை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இடம், தென்காசியில் எங்கள் வீட்டுப் பூசை அறை வாசல். காலைப் பூசை முடிகிற நேரம். கற்பூர வாசனையோடு, சாரலில் காயாமல் போன வேட்டியின் புழுங்கல் வாடையும் கலந்து வருகிறது. மாமா என்பது என் கணவரின் தகப்பனார். அவர்கள் தொடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் மகள் கோமதி நிற்கிறாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

"கொண்டாம்மா. கற்பூரம் அணைஞ்சிரும்லா."

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப் பெட்டி. உள்ளே ரப்பர் மூடி போட்ட ஒரு குப்பி. அதை அந்தக் கையில் வைப்பதா, வேண்டாமா? வைத்தால் ஒரு பாவம். வைக்காவிட்டால் பிள்ளை.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரை வாசிக்கிற ஒரு சகோதரி, "எழுதுவதெல்லாம் பயந்த கதையாகவே இருக்கிறதே, ஒரு நாளாவது துணிந்ததில்லையா?" என்று கேட்டிருந்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். துணிந்தேனா, பயத்தில் உளறினேனா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லாத ஒரு காலைப்பொழுது உண்டு. அது இதுதான்.

முதல் வேளை

எங்கள் வீடு சைவம். சைவம் என்றால் சாதாரணச் சைவம் இல்லை. கணவரின் அக்காள், என் மதினி, சின்ன வயதிலேயே புருஷனை இழந்து வந்து எங்கள் அடுப்படியை ஆள்கிறவர்கள், முட்டை என்ற வார்த்தையைக்கூட வாயால் சொல்லமாட்டார்கள். "அது" என்பார்கள். பக்கத்துத் தெருவில் "அது" பொரித்தால் இங்கே ஜன்னலைச் சாத்துவார்கள்.

மாமா சிவதீட்சை பெற்றவர்கள். பூசை முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அவர்கள் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று வீட்டில் இருந்தது. யாருக்கு எந்த மருந்து வாங்கினாலும், கஷாயமோ மாத்திரையோ, முதலில் அது பூசைத் தட்டுக்குப் போகும். அதற்கும் தீபாராதனை உண்டு. திருநீறு இட்டு, முதல் வேளையை மாமாவே தம் கையால் கொடுப்பார்கள். தலைவலி மாத்திரைக்கும் அதேதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. ஸ்கூல் பைனல் படித்தவள் என்ற கர்வம். கோமதி பிறந்த பிறகு சிரிப்புப் போய்விட்டது. கைக்குழந்தைக்கு ஓமத்தண்ணீர் கொடுக்கக்கூடக் கை பதறுகிற எனக்கு, மாமா கொடுக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல். அளவு கூடிவிட்டதோ, குறைந்துவிட்டதோ என்று யோசிக்க வேண்டாம். என் பயத்தில் பாதியை அவர்கள் வாங்கிக்கொண்ட மாதிரி.

திருநீறு தின்கிற பிள்ளை

கோமதி திருநீறு தின்பாள்.

குழந்தைகள் நெற்றியில் இட்டதை வழித்து நக்குகிற மாதிரி இல்லை. பூசை அறைக்குள் நுழைந்து, திருநீறு வைக்கிற மரவையில் கையை விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். உதடெல்லாம் வெள்ளையாக வந்து நிற்பாள். மாமாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம்! வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு ஒரு சிட்டிகை கொடுத்துக் காட்டுவார்கள்.

"நாம நெத்தியில பூசுதோம். இவ உள்ள பூசுதா," என்பார்கள்.

"போன சென்மத்துல அடியாராப் பொறந்திருப்பா," என்பார்கள் மதினி.

குற்றால சீசனுக்கு வந்து எங்கள் வீட்டில் இறங்குகிற சொந்தக்காரர்கள்கூட அவளிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போனார்கள். எனக்கும் பெருமைதான். பெற்றவளுக்கு இருக்காதா?

ஆனால் ஒருநாள் கொல்லைச் சுவரில் மழை நனைத்த சுண்ணாம்பை அவள் நக்குவதைப் பார்த்தேன். இன்னொரு நாள் சாக்குக்குள் கையை விட்டுப் பச்சரிசி. மாடிப் படியில் நாலு படி ஏறி உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும். பகலில் விளையாட்டின் நடுவே தூங்கிப் போவாள். நகமெல்லாம் காகிதம் மாதிரி. நான்தான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தேனே, அதனால் இதையும் என் பயம் என்றே நானும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்ன சொல்

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்து டாக்டரம்மா ஒருவர் அப்போது தென்காசியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார். இரும்புச் சத்து டானிக் கொடுத்துப் பார்த்தார். மாமா கையால்தான் கொடுத்தது. ஆனாலும் கோமதி அத்தனையையும் வாந்தி எடுத்தாள்.

மூன்றாம் முறை போனபோது மதினி பிள்ளையோடு வெளியே பெஞ்சில் இருந்தார்கள். நான் மட்டும் உள்ளே.

"மண்ணு திங்குதாளா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மண்ணு இல்லை டாக்டர்... திருநீறு."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ரத்தம் இல்லாத பிள்ளை சாம்பல், சுண்ணாம்பு, அரிசி எது கெடச்சாலும் திங்கும்மா. சாமியும் இல்ல, பூதமும் இல்ல. நோய்."

இனி ஊசிதான் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது ஈரல்லேருந்து எடுக்கிற சாறு. நீங்க சைவம்லா, அதான் உன்கிட்ட மட்டும் சொல்லுதேன்."

"என்ன ஈரல் டாக்டர்?"

"ஆடோ, மாடோ. எனக்கும் தெரியாது. நீயும் கேக்காதே. வீட்டுல ஊசின்னு மட்டும் சொல்லு."

"சொல்லாம எப்படி டாக்டர்? மாமா பூசையில வைப்பாங்களே."

"அப்போ சொல்லு."

"சொன்னா போட விடமாட்டாங்க."

"அப்போ சொல்லாதே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, இந்த மழைக்குள்ள ஊசி போடலேன்னா ஒரு நெஞ்சுச்சளி வந்தாக்கூட இந்தப் பிள்ளை தாங்காது. சொல்லிட்டுப் போடுவியோ, சொல்லாமப் போடுவியோ. ரெண்டுல எதுக்கும் உனக்கு வேண்டியது கொஞ்சம் பிளக்."

அகராதியில் அடுத்தடுத்து

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பிளக் என்றால் பறிப்பது. பூப் பறிக்கிற பாடம் மூன்றாம் பாரத்து இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. டாக்டரம்மா சொல்ல வந்தது தைரியம் என்று புரிந்தது; ஆனால் அதற்கு வேறு சொற்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய தடித்த அகராதியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

பறித்தல் என்று முதலில் போட்டிருந்தது. அடுத்த வரி: அறுத்த விலங்கின் இருதயம், ஈரல், நுரையீரல். அதற்கும் அடுத்த வரி: துணிவு.

புத்தகத்தைச் சட்டென்று மூடிவிட்டேன். அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தது தப்போ என்றுகூடத் தோன்றியது.

எப்படி ஒன்று மற்றொன்றானது என்பதைப் பிற்பாடு டாக்டரம்மாவே சொன்னார். வெள்ளைக்காரன் ஊர்க் கசாப்புக்காரன் ஆட்டைத் தொங்கவிட்டு, வயிற்றைக் கீறி, கையை உள்ளே விட்டு மூன்றையும் ஒரே பிடியில் பறித்து எடுப்பானாம். பறித்த கொத்துக்குப் 'பறி' என்றே பெயர் நின்றுவிட்டது. பிறகு மனிதனுக்கும் அதைச் சொன்னார்கள். அந்தக் கொத்து உள்ளே உறுதியாக இருக்கிறவன்தான் அடி வாங்கியும் நிற்பான் என்று கணக்கு. குத்துச்சண்டைக்காரர்கள் பேச்சில் புழங்கி, அங்கிருந்து புத்தகத்துக்கு வந்ததாம். முதலில் கௌரவமான வீட்டுப் பெண்கள் வாயில் வரக்கூடாத சொல்லாக இருந்ததாம்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன? அவளுகளுக்கும் பழகிட்டு," என்றார்.

நாமும் அதே கொத்தைத்தான் சொல்கிறோம், ஈரக்குலை என்று. ஆனால் நமக்கு அது நடுங்குவதற்கு. இடி இடித்தால் ஈரக்குலை நடுங்குகிறது. பிள்ளை விழுந்தால் ஈரக்குலை பதறுகிறது. கறியே தொடாத எங்கள் மதினிகூட ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஈரக்குலையைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே அதே உறுப்பு துணிகிறது.

இன்னொன்றும் தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையைத் துணிந்தவன் என்றால் பாராட்டு. பெண்ணைத் துணிந்தவள் என்றால் அவள் எதையோ விட்டுவிட்டவள் என்று அர்த்தம். டாக்டரம்மா எனக்கு வேண்டும் என்று சொன்ன சாமானுக்கு வீட்டில் வழங்குகிற நல்ல பெயரே இல்லை.

சாயங்காலம் தாலுகா ஆபீஸிலிருந்து வந்த என் கணவரிடம் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். கால் கழுவிக்கொண்டிருந்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பாட்ட எதுக்குச் சொல்லுத? மருந்துன்னா மருந்து."

"நாளைக்குக் காலைல பூசையில வைப்பாங்களே."

"வச்சா என்ன? சாமிக்குத் தெரியாதா என்ன மருந்துன்னு?"

"சாமிக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாதுல்லா."

அவர் செம்பை மறுபடி கையில் எடுத்தார். "நீ பேசாம இரு. பிள்ளை பிழைக்கட்டும்," என்றார். அவர் சொன்னதிலும் தப்பு என்ன? நான் ஒத்துக்கொண்டேன். பேசாமல் இருப்பது என்றுதான் காலையில் பெட்டியோடு போனேன்.

நீட்டிய கை

"என்னம்மா, நிக்கே?"

மாமாவின் உள்ளங்கையில் திருநீறு ஒட்டியிருந்தது. கோமதி அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள். மாமா சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் என் வாய் திறந்துகொண்டது.

"மாமா, இதைப் பூசையில வைக்க வேண்டாம்."

"ஏன்?"

"இது ஈரல்லேருந்து எடுத்தது."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. மதினி வாசல்வரை வந்துவிட்டார்கள். "ஏட்டி, என்ன பேச்சு பேசுத? எந்த எடத்துல நின்னு என்ன சொல்லுத?"

"நீ சும்மா இரு," என்றார்கள் மாமா. என்னைப் பார்த்து, "என்ன மிருகம்?" என்றார்கள்.

"தெரியாது மாமா."

"தெரியாதா, சொல்ல மனசில்லையா?"

"தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாதாம்."

ஆடு என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலும் அது தோன்றியது. தோன்றியும் வாய் வரவில்லை.

"வேற மருந்தே இல்லையா?"

"இருந்ததையெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. உங்க கையாலதான் குடுத்திய."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பயந்தவர்களின் சுபாவம் அது. "அவ திருநீறு திங்குறதும் நோய்தானாம் மாமா. ரத்தம் இல்லாததாலயாம்."

ஈரலுக்குக்கூட அவர்கள் முகம் அப்படி மாறவில்லை. வாயிலிருந்த விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார்கள். தோளில் கிடந்த துண்டின் நுனியால் கோமதியின் உதட்டைத் துடைத்தார்கள். ஒரு தடவை துடைத்தும் வெள்ளை போகவில்லை. மறுபடி துடைத்தார்கள்.

"துணிஞ்சவ!" என்றார்கள் மதினி. "அப்பாவைப் பாத்து இப்படிச் சொல்ல ஒருத்திக்கு நாக்கு வருமா? அந்தத் திருநீறை அள்ளிப் பூசிட்டுப் போன சனமெல்லாம் கேட்டா சிரிக்காதா? இங்கிலீசு படிச்ச லெச்சணம்!"

என் கணவர் தூணுக்கு அந்தப் பக்கம், ஏற்கனவே மடித்திருந்த குடையை அவிழ்த்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

கற்பூரம் அணைந்துவிட்டது. மாமா வேறு கற்பூரம் ஏற்றவில்லை.

"பிள்ளைக்கு ஊசி போடுங்க," என்றார்கள் கடைசியில். "ஆனா போட்டு முடியுத வரைக்கும் அவ இங்கன இருக்க வேண்டாம். குத்தாலத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா."

அருவிச் சத்தம்

குற்றாலத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு உண்டு. சீசனில் வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிடுவோம். பின்பக்கத்து அறை மட்டும் எங்களுக்கு. அங்கே நானும் கோமதியும்.

மனசு ஒரு நிலையில் இல்லை. ஊசிக்குச் சம்மதம் கிடைத்ததே என்று ஒரு நிமிஷம். வீட்டை விட்டு அனுப்பப்பட்டேனா என்று மறுநிமிஷம். நெஞ்சுச்சளி வரக்கூடாது என்று ஊசி போடுகிற பிள்ளையை ஊரிலேயே ஈரமான இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேனே என்று அடுத்த நிமிஷம். துவைத்த துணி காயாது. பாவாடையை அடுப்புக்கு மேலே பிடித்து உலர்த்திப் போடுவேன். தலைமாட்டில் அருவிச் சத்தம் விடாமல் கேட்கும். அவள் இருமினால் கேட்காமல் போய்விடுமோ என்று பக்கத்திலேயே காதை வைத்துப் படுத்திருப்பேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பஸ் பிடித்துத் தென்காசி போய் ஊசி. எண்ணெய் பூசிக்கொண்டு குளிக்கப் போகிற கூட்டத்துக்கு நடுவே எதிர்த்திசையில் நாங்கள். முதல் நாள் ஊசிக்கு அவள் அழுத அழுகையில் என் ஈரக்குலை என்ன பாடுபட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலங்களில் என் கணவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். மதினி என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். "ஒண்ணும் சொல்லலை," என்பார். ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். ஆனாலும் அவர் கையில் மதினி கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் கோமதி தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சோறு போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

மாமா திங்கட்கிழமைகளில் குற்றாலம் வந்து அருவியில் குளித்து, கோயிலுக்குப் போவார்கள். எங்கள் வாசல் வழியாகத்தான் பாதை. முதல் திங்கள் ஈரவேட்டியோடு, தலையைத் திருப்பாமல் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடுத்த திங்களும் அப்படியே. அதற்கடுத்த திங்கள் கோமதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தா! நான் இப்ப ஊசிக்கு அழுறதில்லையே!"

நின்றுவிட்டார்கள். பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத கை, தானாக மடியிலிருந்த திருநீற்றுப் பையைத் திறந்தது. ஒரு சிட்டிகை எடுத்தார்கள். கோமதி நெற்றியைக் காட்டினாள். மாமாவின் கை அவள் வாய்க்கு நேராக வந்து, கொஞ்ச நேரம் காத்திருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"திங்க வேண்டாமா?"

"வேண்டாம் தாத்தா. மண்ணு மாதிரி இருக்கு."

மாமா தலையாட்டினார்கள். நெற்றியில் இட்டார்கள். நான் வாசல்படியில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, நிமிராமலே பேசினார்கள்.

"ஊசி முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துருங்க."

"சரி மாமா."

"இனிமே மருந்து எதையும் எங்கிட்டக் கொண்டார வேண்டாம். நீயே குடு."

"என்மேல கோவமா மாமா?"

"கோவம் இல்லம்மா. பிள்ளை நோயைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. நான் பக்தின்னு ஊட்டி விட்டிருக்கேன். இனி மருந்து குடுக்க எனக்குக் கை வராது."

போய்விட்டார்கள். நான் சொன்னது பிள்ளையைக் காப்பாற்றியதா, மாமாவிடமிருந்து எதையாவது பறித்துக்கொண்டதா? இரண்டும்தான் என்று இப்போது படுகிறது. வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம், திருநீற்று விஷயத்தையாவது விழுங்கியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை அந்தக் காலைப்பொழுதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

கோமதி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். படியில் நிற்காமல் ஓடுகிறாள். அவளுக்கு அடுத்தவன் பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டான். போன வாரம் அவனுக்கு இருமல். மருந்து பாட்டிலோடு கூடத்துக்கு வந்தேன். எழுதியிருந்ததை ஒரு தடவை வாசித்தேன். சந்தேகம் வந்து மறுபடியும் வாசித்தேன். அரைக்கரண்டி ஊற்றினேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. திரும்பவும் ஊற்றி அவன் வாயில் விட்டேன்.

மாமா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பிள்ளை விழுங்கி முடிக்கும்வரை பேப்பரில் பக்கம் புரளவும் இல்லை.